மாஸ்டர் உள்ளே, சப்ளையர் வெளியே

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து வீடுகளில் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு செத்த லேப்டாப் கிடக்க வாய்ப்பு அதிகம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் கொள்முதல் செய்து பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு வந்தது. பேட்டரி உப்பியிருக்கும், திரை இருண்டிருக்கும். ஆனால் அடிப்பக்க ஸ்குரூக்களைக் கழற்றினால் உள்ளங்கை அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வரும். அக்காவின் கல்யாணப் படங்கள், கல்லூரி ப்ராஜெக்ட், யாரோ ஏற்றிக் கொடுத்த இளையராஜா பாட்டுகள் எல்லாம் அதற்குள்தான். அவற்றைத் திறந்து பார்க்க, டிஸ்கை உள்ளே போட்டுக் கம்ப்யூட்டரில் செருகும் டப்பா, அதாவது ஒரு கேசிங் வேண்டும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கேட்டால் கண்ணாடி மேசை மேல் பத்து டப்பாக்களைப் பரப்புவார்கள். விலைதான் வேறுவேறு, முகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எதை எடுப்பது என்று தெரிய, தாம்பரம் மேற்கில் ஏதோ ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்து பாருங்கள். சமையல்கட்டுக்குள் மாஸ்டர். அவர் கூடத்துக்கு வருவதே இல்லை. இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் சமையல்கட்டுக்குள் போவதில்லை. நடுவில் ஓடுவது சப்ளையர்.

ஹார்ட் டிஸ்க்தான் மாஸ்டர். அவருக்குத் தெரிந்த பாஷை சாட்டா. சாப்பிட வந்திருக்கும் உங்கள் கம்ப்யூட்டர் பேசுவதோ யுஎஸ்பி. கேசிங்கைத் திறந்தால் சின்ன சர்க்யூட் போர்டும், அதன் நடுவில் விரல் நகம் அளவு ஒரு சிப்பும் இருக்கும். அந்தச் சிப்தான் சப்ளையர். ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் என்ற தைவான் நிறுவனங்களின் சிப்கள் பரவலாக வருகின்றன. நீங்கள் காசு கொடுப்பது இந்தச் சப்ளையருக்குத்தான். அலுமினிய உடம்பும் நீல விளக்கும் மெஸ்ஸின் போர்டு மாதிரி. அட்டைப்பெட்டியில் எல்லாம் எழுதியிருக்கும், சிப்பின் பெயரை மட்டும் பெரும்பாலும் காணோம்.

சப்ளையர்களில் இரண்டு ரகம். பழைய ரகத்துக்காரர் ஒரு ரோஸ்ட்டுக்கு ஆர்டர் வாங்குவார், உள்ளே சொல்வார், அது வரும்வரை வாசலில் நிற்பார், கொண்டுபோய் வைத்த பிறகுதான் அடுத்த ஆர்டர். புது ரகம் யுஏஎஸ்பி. கூடத்து ஆர்டரையெல்லாம் ஒரே மூச்சில் கத்திவிட்டு வருவார். இதில் மாஸ்டருக்கும் லாபம் உண்டு. டிஸ்கின் உள்ளே படிக்கும் முனைகள் எல்லாம் ஒரே கையில் கோர்த்தவை. அந்தக் கை சுழலும் தட்டின் மேல் இங்குமங்கும் அலைவதில்தான் நேரம் போகிறது. பல ஆர்டர் கையில் இருந்தால், அலைச்சல் குறைகிற வரிசையில் அவரே மாற்றி எடுத்துக்கொள்வார். சாட்டா டிஸ்க் இப்படி 32 ஆர்டர் வரை வரிசையில் வைத்துக்கொள்ளும். ஒரே பெரிய சினிமாவை நகலெடுக்க இதெல்லாம் பெரிய வித்தியாசமில்லை. ஆயிரக்கணக்கான குட்டிக்குட்டிப் படங்கள் என்றால் தெரியும்.

வேகத்துக்கு வருவோம். இங்கேதான் கடைக்காரர் ஆசை காட்டுவார். லேப்டாப் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் தந்தாலே நன்றாக உழைக்கிறது என்று அர்த்தம். யுஎஸ்பி 2.0 கேசிங் நடைமுறையில் 35 மெகாபைட் போலத்தான் கடத்தும். 300 ஜிகாபைட்டை எடுக்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3.0 என்றால் அதே வேலை 50 நிமிடம். அதற்கு மேல் 10 ஜிகாபிட் கேசிங் வாங்கினாலும் அதே 50 நிமிடம்தான், மாஸ்டரின் கை அவ்வளவுதான் ஓடும். இன்னொன்று: 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மெனு கார்டில் மூன்று பெயர் இருந்தாலும் வருவது ஒரே 5 ஜிகாபிட் இட்லிதான். பெயருக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

அடுத்தது அடுப்பு, அதாவது மின்சாரம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், அதை யுஎஸ்பி கேபிளே கொடுத்துவிடும். ஆனால் 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900. தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் சில டிஸ்குகள் 1 ஆம்பியர் வரை கேட்கும். பற்றாவிட்டால் அடுப்பு பற்றிப் பற்றி அணையும். வெளியே ‘டிக் டிக்’ என்று கேட்கும். டிஸ்க் போய்விட்டது என்று பதறுவதற்கு முன், கேபிளை மாற்றி, ஹப்பை விட்டுக் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகிப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க் பெரிய அடுப்புக்காரர். 12 வோல்ட்டும் வேண்டும், அதனால் அதன் கேசிங் தனி அடாப்டரோடு வரும், பெரும்பாலும் 12 வோல்ட் 2 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரின் முனையும் சில சமயம் அதே ஓட்டைக்குள் கச்சிதமாகப் போகும். போர்டும் டிஸ்கும் அதோடு சரி. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்: லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் எழுதும் பாதியில் நிற்கும். இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லாத பிளக்கில் இதைச் செருகாதீர்கள். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் 3.5 அங்குலத்தை மணிக்கணக்கில் ஓட்டுவதும் புகைபோக்கி இல்லாத சமையல்கட்டுதான். பெரும்பாலான டிஸ்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் எல்லை. இந்த ஒரு காரணத்துக்காக அலுமினியத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

தடிமனையும் அளந்துகொண்டு போங்கள். பழைய லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டருக்கென்று செய்த மெல்லிய கேசிங்குக்குள் போகாது. பழைய சிப்கள் சிலவற்றால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது, சப்ளையரின் சீட்டில் அதற்கு மேல் இலக்கம் எழுத இடமில்லை.

இலவச லேப்டாப் டிஸ்க்குக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. சப்ளையர் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து வைத்திருப்பார். சாப்பிட வந்தவருக்குப் பண்டம் தெரியாததால் இலையையே கழுவிவிடலாமா என்று கேட்பார். ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று திரையில் வரும் கேள்வி அதுதான். ரத்து செய்துவிட்டு, லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கும்.

எந்தச் சப்ளையராலும் ஆகாத சமையல்கட்டும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். சாதாரண டிஸ்கில் காற்று போய்வர ஒரு நுண்துளை உண்டு. முழுகினால் அதன் வழியே தண்ணீரும் சேறும் உள்ளே போகும். காய்ந்துவிட்டதே என்று கேசிங்கில் போட்டு ஓட்டினால் காய்ந்த வண்டல் தட்டைச் சுரண்டும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு மின்சாரமே காட்டாமல், தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நல்ல டிஸ்க் என்றால் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கேசிங்கில் போட்டுக் கடை கம்ப்யூட்டரிலேயே ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பாருங்கள், வேகம் பாதியில் விழுகிறதா என்று. பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்கின் வெப்பநிலையும் பழுது எண்களும் அதில் தெரிந்தால், உள்ளே மாஸ்டருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் கேட்டு வந்து சொல்கிற சப்ளையர் கிடைத்திருக்கிறார். அந்த டப்பாவுக்கு பில் போடச் சொல்லலாம்.