வீட்டு வேலைக்கு அரசு மானியம்: தோப்பூரிலிருந்து ஒரு கணக்கு

மூதூர், தோப்பூர், கிண்ணியா பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வருமானம் வேண்டுமென்றால், முதலில் எல்லோர் வாயிலும் வருவது மத்திய கிழக்கில் வீட்டு வேலைதான். அதற்கு ஆளனுப்புவதை ஒழுங்குபடுத்த இலங்கையில் 1985இல் சட்டம் இயற்றி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தார்கள். பதிவு உண்டு, காப்புறுதி உண்டு. வாஷிங் மெஷினைப் பழக்கி, அரபியில் நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்து அனுப்பப் பயிற்சியும் உண்டு.

அத்தனை இருந்தும் என்ன நடக்கக்கூடும் என்பதை எங்கள் பகுதிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக், பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டவள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகும் பெண்கள் போகிறார்கள். ஊரில் உழைப்புக்கு வழியில்லை, போகிறார்கள்.

ஆனால், ஊரில் வேலை இல்லையா? நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் உம்மா படுத்த படுக்கை. அவவைப் பார்க்க வருகிற பெண் குவைத்தில் பல வருஷம் இருந்து திரும்பியவள். படுக்கைப் புண் வராமல் உம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதைப் பார்த்தால் ஆஸ்பத்திரித் தாதி தோற்றுப்போவாள். ஒரு மாதம் சம்பளத்தைக் கையில் கொடுத்தபோது கேட்டாள்: "டீச்சர், குவைத்துல இருக்கக்குள்ள எனக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சி. இஞ்ச விழுந்து கால உடச்சா ஆரு பாக்குற?" என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்விக்கு பெல்ஜியம் 2004இல் ஒரு பதில் கண்டுபிடித்தது. 'சேவைச் சீட்டு' என்று ஒன்றை அரசு விற்கிறது. ஒரு சீட்டுக்கு ஒரு மணித்தியால வீட்டு வேலை. துப்புரவாக்குவது, துணி துவைப்பது, ஸ்திரிக்கை போடுவது, சமைப்பது எல்லாம் இதில் அடங்கும். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் சீட்டைக் கொடுப்பார். பெண்ணோ அரசு அனுமதி பெற்ற நிறுவனமொன்றின் ஊழியர். அவளுக்கு ஒப்பந்தமும் விடுமுறையும் காப்புறுதியும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டுக்காரர் பல ஆண்டுகளாகச் சீட்டொன்றுக்கு 9 யூரோதான் கட்டினார்; உண்மைச் செலவில் பாதிக்கும் மேல் அரசு போட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வேலைக்கு வந்தார்கள். பிரான்சிலும் சுவீடனிலும் வேறு வழி: வீட்டு வேலைக்குக் கொடுத்த கூலியில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். சுவீடன் இதை 2007இல் தொடங்கியது.

பெல்ஜியத்தின் திட்டத்தில் குறையும் இருக்கிறது. சீட்டு வாங்கியவர்களில் கணிசமானோர் வசதியான குடும்பத்தார். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் முன்பு வேலையற்று இருந்தவர்களுமல்லர். முதுகு வலி, தோள் வலி என்று பெண்கள் முறையிடுவதும் ஓயவில்லை. அரசுக்கோ பெருஞ்செலவு. 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு நாம். பெல்ஜியம் மாதிரி செலவழிக்க நம்மால் ஆகாது.

அதனால் சின்னதாக ஒரு கணக்குப் பார்ப்போம். நம் நாட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுவார். 1958இல் சேமலாப நிதி வந்தபோது வீட்டுப் பணியாளரை வெளியே விட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களைப் பதிவுசெய்ய 1871லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான்! மாதம் 20,000 ரூபாய் சம்பளமென்றால் இரண்டு நிதிக்கும் சேர்த்து 3,000 ரூபாய். அதை அரசு கட்டட்டும். சம்பளம் வீட்டுக்காரர் பொறுப்பு. பதிவைப் பிரதேச செயலகத்திலேயே செய்யலாம்.

இதனால் எல்லாப் பெண்ணுக்கும் வேலை கிடைத்துவிடாது. குவைத் சம்பளத்தைத் தோப்பூரில் கொடுக்க என்னைப் போன்ற பென்ஷன்காரர்களாலும் முடியாது. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்க, தனித்துக் கிடக்கிற முதியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பார்க்க ஆள் வேண்டும், கொடுக்கப் பிள்ளைகள் அனுப்பும் காசும் உண்டு. அந்த வேலையில் இருபது வருஷம் உழைத்தவளுக்குக் கடைசியில் ஒரு தொகை கையில் வருமென்றால், பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்களில் சிலராவது யோசிப்பார்கள்.