கிரீன்லாந்துக் கல்லறையில் கடலின் கணக்கு

கிரீன்லாந்தின் தெற்கே கசியார்சுக் என்னும் சிற்றூர். 1961-இல் அங்கே ஒரு கட்டடத்துக்குத் தோண்டியபோது மண்டையோடுகள் வெளிப்பட்டன. அகழ்ந்தவர்கள் கண்டது ஒரு குட்டித் தேவாலயத்தின் அடித்தளம். உள்ளே அகலம் இரண்டு மீட்டர், நீளம் மூன்றரை மீட்டர். இருபது முப்பது பேர் நெருக்கி நின்றாலே நிறைந்துவிடும். மரத்தால் கட்டி, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளைச் சுற்றிலும் சுவராக அடுக்கியிருந்தார்கள். கிரீன்லாந்தில் நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) குடியேற்றத்தைத் தொடங்கிய செம்முடி எரிக்கின் மனைவி தியோத்ஹில்ட் ஏறத்தாழ கி.பி. 1000-இல் ஒரு தேவாலயம் கட்டியதாகவும், பழைய தெய்வங்களைக் கைவிடாத கணவருக்கு அது பிடிக்கவில்லை என்றும் ஐஸ்லாந்தின் பழங்கதை சொல்கிறது. அந்தத் தேவாலயமே இது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

சுற்றிலும் 140-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள். தெற்கே பெரும்பாலும் ஆண்கள், வடக்கே பெண்கள். ஒருவரின் விலாவெலும்புகளுக்கிடையே ஒரு கத்தி கிடந்தது. கொலையாக இருக்கலாம். ஆனால் என்னை அதைவிட வியக்கவைப்பது, அந்த எலும்புகளின் கார்பன்.

உண்ட உணவின் கார்பன்தான் எலும்பின் கொலாஜன் புரதமாகிறது. கார்பன்-13 என்ற சற்றே கனமான வகை, அந்தக் குளிர்நாட்டுப் புல்லையும் அதை மேய்ந்த ஆடுமாடுகளையும்விடக் கடலுணவில் கூடுதல். ஆகவே அதன் விகிதத்தை அளந்தால், ஒருவர் பாலும் இறைச்சியும் தின்று வளர்ந்தாரா, சீலும் மீனும் தின்று வளர்ந்தாரா என்பது தெரிந்துவிடும்.

அந்த அளவு இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் பழையது. அதனால் கார்பன்-14 கொண்டு காலம் கணித்தால், கடலுணவு தின்றவரின் எலும்பு உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் வரை மூத்ததாகத் தெரியும். கடலுணவின் பங்கு தெரிந்தால் அந்தப் பிழையைக் கழித்துவிடலாம். என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல், எப்போது இறந்தார் என்று சொல்ல முடியாது!

இப்படித் திருத்திய காலவரிசை 1999-இல் வெளியானது. இந்தத் தேவாலயத்தில் புதைக்கப்பட்ட முதல் தலைமுறைகளின் உணவில் கடலின் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம். நார்ஸ் குடியேற்றத்தின் கடைசிக் காலமான 15-ஆம் நூற்றாண்டில், பிற கல்லறைகளின் எலும்புகளில் அது 80 சதவீதத்தை நெருங்கியது. குளிர் கூடக்கூட மாடுகளை நம்பியே வாழ முடியவில்லை. சீல் வேட்டை சோறு போட்டது.

மாறத் தெரியாத பிடிவாதக்காரர்கள், பட்டினியில் அழிந்தார்கள் என்று கிரீன்லாந்தின் நார்ஸ் மக்களைப் பற்றி நெடுநாள் எழுதிவந்தார்கள். அவர்கள் ஏன் மறைந்தார்கள் என்பதற்கு வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்; உணவை மாற்றிக்கொள்ளத் தெரியாதவர்கள் என்ற பழி அவர்களுக்குப் பொருந்தாது.