குளிர்கால அறைக்கு உஷ்ண ஏற்றி: மலிவானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது சுகபோகத்தைச் சேர்ந்த காரியமன்று; உடல்நலத்தைச் சேர்ந்த காரியம். சமவெளிகளில் அங்கீட்டி என்னும் கரிக் கணப்பையும், காஷ்மீரத்தில் காங்கிரி என்னும் தணற்கூடையையும், புகாரி என்னும் தகர அடுப்பையும் மக்கள் நெடுங்காலமாக உபயோகித்து வருகின்றனர். மூடிய அறையில் கரியை எரியவிட்டு உறங்கியவர்கள் விழித்தெழாமலே மாண்டுபோன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவே இதற்குக் காரணம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது.

நெருப்பில்லாமல் அறையைச் சூடாக்கும் சாதனங்களுள் சிக்கனமானது, ‘ஹாட் அண்டு கோல்டு ஏ.சி.’ என்று கடைகளில் விற்கப்படும் யந்திரம். இது கோடையில் அறையைக் குளிர்விக்கும், குளிர்காலத்தில் சூடாக்கும். இன்று பல பெயர்களில், பல விலைகளில் இது கிடைக்கிறது. “மலிவானவற்றுள் எந்தக் கம்பெனியின் சரக்கு நல்லது?” என்பதே வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி. உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் ஊர், அடுத்து அறை, அதன் பின் யந்திரம், இறுதியாகவே பெயர். இவ்வரிசை ஏன் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உஷ்ண ஏற்றி என்பது யாது?

தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டிற்கு ஏற வேண்டுமாயின் ஒருவர் உழைக்க வேண்டும். ஏற்றம் இறைப்பவர் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் உள்ளதை மேலே கொண்டுவருகிறார். உஷ்ணமும் அத்தகையதே. அது தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும். எதிர்த் திசையில் செல்வதற்கு வேலை செய்யப்பட வேண்டும். அவ்வேலையைச் செய்யும் யந்திரமே ஆங்கிலத்தில் ‘ஹீட் பம்ப்’ எனப்படுகிறது. ஏற்றத்தை நினைவிற்கொண்டு அதனை உஷ்ண ஏற்றி என்று இங்கு வழங்குவோம்.

குளிர்ந்த காற்றிலும் உஷ்ணம் உண்டு என்பதைச் சிலர் நம்பத் தயங்குவர். 7 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் உள்ள காற்று நம் உடலுக்குக் குளிர்ச்சியானது. ஆனால் அதனினும் குளிர்ந்த ஒரு திரவத்திற்கு அது சூடானதேயாகும். வீட்டிற்கு வெளியே உள்ள செப்புச் சுருளில் குளிரூட்டு வாயு திரவ வடிவில் நுழைந்து, வெளிக்காற்றின் உஷ்ணத்தைப் பெற்று ஆவியாகிறது. ‘கம்ப்ரெஸ்ஸர்’ எனும் அமுக்கி அந்த ஆவியை அழுத்தி அதன் உஷ்ணநிலையை உயர்த்துகிறது. பின்னர் அது அறையினுள் உள்ள சுருளை அடைந்து, உஷ்ணத்தை அங்கே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. கோடையில் ஒரு திசைமாற்று வால்வு இவ்வோட்டத்தைத் திருப்பிவிடுகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன் 1852-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களை இம்முறையில் சூடாக்கலாம் என்று விளக்கினார். அதே பதிற்றாண்டில் ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர் உப்பு காய்ச்சும் ஆலை ஒன்றில் இத்தத்துவத்தைச் செயற்படுத்தினார். 1938-ஆம் ஆண்டில் ஸூரிச் நகர மண்டபம், லிம்மாத் ஆற்று நீரிலிருந்து உஷ்ணத்தை இறைத்துச் சூடாக்கப்பட்டது.

சாதாரண மின்சார ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒரு யூனிட் உஷ்ணத்தையே தரும். நல்ல உஷ்ண ஏற்றி, மிதமான குளிரில், ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் உஷ்ணத்தை அறைக்குள் சேர்க்கும். இந்த விகிதத்தைச் செயல்திறன் எண் என்பர்.

கிணறு ஆழமானால்

ஆழமான கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இறைப்பதற்கு அதிக உழைப்பு வேண்டும். வெளியே குளிர் மிகுந்தால் உஷ்ண ஏற்றியின் நிலையும் அதுவே. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். உட்சுருள் 45 டிகிரியிலும் வெளிச்சுருள் 0 டிகிரியிலும் உள்ளதாகக் கொள்வோம். இவ்வெண்களுடன் 273-ஐக் கூட்டினால் 318, 273 என்ற கெல்வின் அளவுகள் கிடைக்கும். 318-ஐ இரண்டின் வித்தியாசமாகிய 45-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7. இது குறையற்ற யந்திரத்தின் எல்லை. நடைமுறை யந்திரம் இதில் ஏறக்குறையப் பாதியை எட்டும். வெளிச்சுருள் பூஜ்யத்திற்குக் கீழே 14 டிகிரிக்கு இறங்கினால் வித்தியாசம் 59 ஆகிறது, எல்லை 5.4 ஆகக் குறைகிறது.

குறைவது செயல்திறன் மட்டுமன்று. குளிர் மிகும்போது யந்திரம் தரக்கூடிய மொத்த உஷ்ணமும் குறைகிறது. போதாக்குறைக்கு, ஈரமான காற்றில் வெளிச்சுருள்மீது உறைபனி படிகிறது. அதை உருக்குவதற்காக யந்திரம் அவ்வப்போது சில நிமிஷங்கள் திசைமாறி ஓடும். அந்நேரத்தில் அறைக்கு உஷ்ணம் வராது. இது பழுதன்று. விவரம் அறியாதவர்கள் பழுதென்று கருதி வீண் செலவு செய்கின்றனர்.

அறையின் கணக்கு

டேராடூனில் பணிபுரியும் ஓர் ஆசிரியரும், ஸ்ரீநகரில் பணிபுரியும் ஓர் ஊழியரும் ஒரே அளவுள்ள அறைகளில் வசிப்பதாகக் கொள்வோம். அறை 12 அடிக்கு 12 அடி, செங்கற்சுவர், மேலே வெயிலும் பனியும் நேரே படும் மொட்டைமாடி. இத்தகைய அறை, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசத்திற்கு ஏறத்தாழ 100 வாட் உஷ்ணத்தை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அறையை 20 டிகிரியில் வைக்க வேண்டும்.

வெளியே 7 டிகிரி இருக்கும் இரவில் வித்தியாசம் 13. தேவை 1,300 வாட். டேராடூனிலும் டெல்லியிலும் ஜனவரி இரவுகள் பெரும்பாலும் இதனை ஒட்டியே அமைகின்றன. ஸ்ரீநகரிலோ டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ என்ற கடுங்குளிர் காலத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே பல டிகிரி இறங்குவதுண்டு. பூஜ்யத்திற்குக் கீழே 7 டிகிரி எனில் வித்தியாசம் 27. தேவை 2,700 வாட்.

இப்போது யந்திரத்தைப் பார்ப்போம். மலிவு விலையில் விற்கும் ஒன்று, 7 டிகிரியில் 3,500 வாட் உஷ்ணம் தருகிறது. பூஜ்யத்திற்குக் கீழே 7 டிகிரியில் இவ்வகைச் சாதாரண யந்திரங்களின் ஆற்றல் மூன்றில் இரண்டு பங்கு அளவிற்குக் குறைவது வழக்கம். அதாவது 2,300 வாட். டேராடூன் ஆசிரியருக்கு இது தாராளமாகப் போதும். ஸ்ரீநகர் ஊழியருக்குப் போதாது. தேவை இரு மடங்காகும் அதே இரவில் வரவு குறைந்துவிடுகிறது. அவர் பணத்தைச் செலவிட்ட பின்னும் புகாரிக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஒரே யந்திரம் ஓரிடத்தில் மலிவு, மற்றோரிடத்தில் நஷ்டம் என்பது இதிலிருந்து விளங்கும்.

நட்சத்திரங்கள் சொல்வதும் சொல்லாததும்

2002-இல் நிறுவப்பட்ட எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் நட்சத்திரச் சீட்டு, வாங்குவோருக்கு மிகவும் பயனுள்ள ஒன்று. ஆயினும் அதன் பொருளைச் சரியாக அறிய வேண்டும். குளிர்சாதனங்களுக்கு நட்சத்திரம் வழங்கப்படுவது ‘ஐ.எஸ்.இ.இ.ஆர்.’ என்ற எண்ணைக் கொண்டு. ஆண்டுக்கு 1,600 மணி நேரம், வெளி உஷ்ணநிலை 24 முதல் 43 டிகிரி வரை இருக்கும்போது, யந்திரம் எவ்வளவு சிக்கனமாகக் குளிர்விக்கிறது என்பதே அவ்வெண். குளிர்கால உபயோகம் அதில் சேரவில்லை. ஆகவே ஐந்து நட்சத்திரம் பெற்ற யந்திரம் கடுங்குளிரிலும் சிறந்தது என்று முடிவு செய்வது தவறு.

மேலும், நட்சத்திர அட்டவணை அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2018-இல் 4.5 என்ற எண்ணிற்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலைக்குப் பின் பிளவு வகை யந்திரத்திற்கு 5.0 தேவைப்பட்டது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்குவோர் நட்சத்திரத்தை எண்ணாமல், சீட்டில் அச்சிட்ட எண்ணையும் ஆண்டையும் ஒப்பிட வேண்டும்.

குளிர்காலத்திற்கு வேண்டிய விவரம் தயாரிப்பாளரின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். சர்வதேசத் தர அளவீட்டில் உஷ்ண ஆற்றல் வெளியே 7 டிகிரி, 2 டிகிரி, பூஜ்யத்திற்குக் கீழே 7 டிகிரி ஆகிய மூன்று நிலைகளில் சோதிக்கப்படுகிறது. சமவெளியில் வசிப்போருக்கு முதல் எண் போதும். மலைப் பிரதேசத்தில் வசிப்போர் மூன்றாவது எண்ணைக் கேட்க வேண்டும். அவ்வெண்ணைத் தர இயலாத யந்திரத்தை, பெயர் எத்துணைப் பெரிதாயினும், மலை ஊருக்கு வாங்காதிருப்பதே நலம். ‘சூடாக்கும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் சில யந்திரங்களில் மின்சார ஹீட்டர் மட்டுமே பொருத்தப்பட்டிருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

விலை வேற்றுமை எப்போது ஈடாகும்?

டேராடூன் அறையையே எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் 6 மணி நேரம், 1,300 வாட் வீதம், மாதத்திற்கு 234 யூனிட் உஷ்ணம் தேவை. ஹீட்டரில் இதற்கு 234 யூனிட் மின்சாரம் செலவாகும். செயல்திறன் எண் 3 உள்ள உஷ்ண ஏற்றியில் 78 யூனிட் போதும். யூனிட் 6 ரூபாய் எனில் மாதம் 936 ரூபாய் மிச்சம்.

இனி, 3.5 செயல்திறன் எண் கொண்ட விலையுயர்ந்த யந்திரம் ஒன்றை வாங்கினால் செலவு 67 யூனிட். மலிவான யந்திரத்தைக் காட்டிலும் மாதத்திற்கு 11 யூனிட், அதாவது 66 ரூபாயே குறைகிறது. மூன்று குளிர்மாதங்களுக்கு 198 ரூபாய். இதற்காக மட்டும் 8,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் யந்திரத்தின் ஆயுளுக்குள் அது திரும்பாது. ஹீட்டரை விட்டு உஷ்ண ஏற்றிக்கு மாறுவதில்தான் பெரும் ஆதாயம். ஒரு உஷ்ண ஏற்றிக்கும் மற்றொன்றிற்கும் இடையே உள்ளது சிற்றாதாயம். கோடையில் நாள் முழுதும் ஓடும் வீட்டிலோ கணக்கு மாறும். சீட்டில் உள்ள ஆண்டு யூனிட் எண்களின் வித்தியாசத்தைத் தம் ஊர் மின்கட்டணத்தால் பெருக்கி அதை அவரவரே அறியலாம்.

இறுதியாகப் பெயர்

பெயர்கள் பலவாயினும் அமுக்கிகளைச் செய்யும் ஆலைகள் சிலவே. ஒரே ஆலையில் உருவான யந்திரம் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதும் உண்டு. ஆதலால் பெயரினால் அறிய வேண்டியது பழுதுபார்க்கும் வசதியே. உங்கள் ஊரில் அக்கம்பெனியின் மெக்கானிக் உண்டா? உத்தரவாதம் அமுக்கிக்கு மட்டுமா, மின்னணுப் பலகைக்கும் உண்டா? மின்அழுத்தம் எந்த எல்லைவரை ஏறி இறங்கினால் யந்திரம் தாங்கும்? இம்மூன்றிற்கும் விடை எழுத்தில் பெறப்பட வேண்டும்.

வாயுவையும் விசாரிக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 கைவிடப்பட்டு வருகிறது. பூமியைச் சூடாக்கும் சக்தி கரியமில வாயுவிற்கு 1 எனில், ஆர்-410ஏ-க்கு 2,088; ஆர்-32-க்கு 675. ஆர்-290 எனப்படும் புரோப்பேனுக்கு அது மிகச் சொற்பம். ஆனால் எளிதில் தீப்பற்றும். ஆர்-32-உம் ஓரளவு தீப்பற்றக்கூடியது. எனவே பயிற்சி பெற்றவரே இவற்றைப் பொருத்த வேண்டும். குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் அகற்றாமல் பொருத்தப்பட்ட உயர்ந்த யந்திரத்தைவிட, முறையாகப் பொருத்தப்பட்ட மலிவு யந்திரம் நன்கு உழைக்கும்.

யந்திரம் வாங்குமுன் கதவிடுக்குகளை அடைத்து, ஜன்னலுக்குக் கனத்த திரையிட்டால் மேற்கூறிய 100 வாட் என்ற எண்ணே குறையும். அதனினும் மலிவான முறை வேறில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: இடுக்குகளை அடைத்த அறையில் அங்கீட்டியை ஒருபோதும் வைக்கக்கூடாது. “எந்தக் கம்பெனி?” என்று கேட்டு வருபவரிடம், “உங்கள் ஊரில் ஜனவரி இரவில் எத்தனை டிகிரி?” என்று கள ஊழியர்கள் திருப்பிக் கேட்பார்களாயின், சரியான விடைக்குப் பாதி வழி கடந்தாயிற்று.