தகரக் கூரையின் கீழ் ஒரு செவிக்கருவி

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் என் தமக்கையின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கைத்தொலைபேசியில் பாடங்களைக் கேட்பதற்கு ஏதேனும் வாங்கித் தருவதாகக் கொழும்பில் கடைச் சிப்பந்தியாயிருக்கும் அவளுடைய அண்ணன் வாக்களித்திருந்தான். “மாமா, காதுக்குள் வைக்கும் மலிவான இயர்பட்ஸ் வாங்கச் சொல்வதா? இல்லை, வெளி இரைச்சலையே அடக்குமாமே, அந்தப் பெரிய ஹெட்போனைக் கேட்பதா?” என்று என்னிடம் வினவினாள்.

லயத்து வாழ்வை அறிந்தவர் இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட மாட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சுவருக்கு அப்பால் அயலாரின் தொலைக்காட்சி. தலைக்கு மேலே தகரம். ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் சீமை இரத்தினபுரி. மழை பிடித்துக்கொண்டால் எதிரே இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆசிரியரின் குரல் எங்கே விழப்போகிறது!

இரைச்சலை அடக்கும் கருவியின் வரலாறு சுவையானது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மைந்தர் அமர் போஸ். அவர் 1978ஆம் ஆண்டு சூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்புகையில், எஞ்சின் இரைச்சல் இசையை விழுங்குவதைக் கண்டு, அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்கும், 2000இல் பொதுமக்களுக்கும் அவருடைய நிறுவனத்தின் கருவி கிடைத்தது. அதன் தத்துவம் இதுதான்: நுண்ணிய மைக் ஒன்று புற ஒலியை வாங்க, உள்ளிருக்கும் சில்லு அவ்வலையின் மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமான எதிரலையைப் படைக்கிறது. இரண்டும் காதருகே சந்தித்து ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான எஞ்சின், தேயிலை ஸ்டோரில் ஓயாது சுழலும் விசிறி போன்ற தாழ்ந்த, சீரான ஒலியையே இவ்வித்தை நன்றாக அடக்கும். தகரத்தில் விழும் துளியின் ஒலியோ கூரியது. சட்டென்று எழுந்து மறைவது. அங்கே சில்லு தடுமாறும். அதைத் தடுப்பது பெரும்பாலும் காதைச் சூழும் மெத்தைதான். அந்த மெத்தை சாதாரண ஹெட்போனிலும் உண்டன்றோ?

விலையையும் பார்ப்போம். சோனி நிறுவனம் 2022இல் வெளியிட்ட உயர்ரக ஹெட்போன் ஒன்றின் விலை 399 டொலர். 2024ஆம் ஆண்டின் நாணய மாற்றுப்படி ஏறத்தாழ ஓர் இலட்சத்து இருபதாயிரம் ரூபா. அவ்வாண்டில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், ஒரு தாய் ஏறக்குறைய 89 நாட்கள் கொழுந்து பறிக்க வேண்டும். போதாக்குறைக்கு, செயற்கைத் தோலாலான அதன் மெத்தை நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும்.

இயர்பட்ஸ் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒன்று கழன்று கானுக்குள் விழுந்தால் போயிற்று. அதன் கடுகளவு பற்றரியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் சோர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தீங்கு, மழையை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; 90 டெசிபலுக்கு அனுமதி 4 மணி நேரமே. பழுதுபட்ட செவி நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை.

இவ்வளவையும் விட என் மனத்தை உறுத்தியது வேறொன்று. 2016ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொகுபிட்டியில் களுபஹன தோட்டத்து லயங்களும் மண்ணுள் புதையுண்டன. மரம் முறியும் ஓசையும், மண் உறுமும் ஓசையும், “வெளியே ஓடி வா” என்று அயலார் கூவும் குரலும்தான் அத்தகைய இரவுகளில் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. இரு காதுகளையும் இறுக அடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அவை எட்டுமா?

ஆகவே அவள் கேட்ட இரண்டையும் விடுத்து மூன்றாவதொன்றைச் சொன்னேன்: காதை மூடும் மெத்தையுள்ள, வயருடன் கூடிய சாதாரண ஹெட்போன். விலை இயர்பட்ஸை ஒட்டியதே. பற்றரி வேண்டாம், தொலையாது. அவளுடைய கைத்தொலைபேசியில் அதற்கான துளையும் இருக்கிறது. “பழைய நாகரிகமாயிற்றே, மாமா!” என்று முகம் சுளித்தாள். இப்போது மழை இரவுகளில் ஒரு பக்க மெத்தையைக் காதுக்குப் பின்னே தள்ளிவைத்துக்கொண்டு படிக்கிறாளாம்; தமக்கை சொன்னாள்.