சுவர்களில் வாழும் கொம்பனித்தெரு

காத்தான்குடியோ பழுகாமமோ, எமது வாவிக்கரை ஊர்களிலிருந்து இரவு ரயிலேறிக் கொழும்பு கோட்டையில் இறங்குபவர்களின் கண்ணில் முதலில் படுவது வானுயர்ந்த கட்டடங்கள்தான். அந்தக் கட்டடங்களின் நிழலில் ஒடுங்கிப் போன ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. அதுதான் கொம்பனித்தெரு.

ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று பெயர் வந்தது. மலாய் முஸ்லிம்கள் 1786இல் கட்டிய வேகந்த பள்ளிவாசல் இங்குதான் உள்ளது. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் என எல்லோரும் ஒரே ஒழுங்கையில் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் இது.

2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் ஜாவா லேன் குடும்பங்களும் தமது வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அபிவிருத்தி என்ற பெயரில் நடந்த இம்மாற்றத்தில் வீட்டுக்கு ஈடாக வீடு கிடைக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்து அயலவரோடு பேசிய மாலை நேரத்துக்கு யார் நட்டஈடு தருவது?

அந்த மாலை நேரங்களைத்தான் ஓவியர் ஃபிரி ரஹ்மான் கையிலெடுத்தார். அவர் கொம்பனித்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். விக்கி ஷாஜஹான், பரிலோஜிதன் ராமநாதன் போன்ற கலைஞர்களோடு சேர்ந்து 'நாங்கள் இங்கிருந்து வந்தவர்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு கலைத்திட்டத்தை அவர் முன்னெடுத்தார். அயலவர்களின் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். தலைவர்களையோ செல்வந்தர்களையோ தேடிப் போகாமல், அத்தெருவின் சாதாரண மனிதர்களின் முகங்களையே சுவர்களில் வரைந்தார்கள்.

உருவங்களை வரைவது பற்றி எமது உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அதற்காகப் பதிவு செய்யும் பணியையே கைவிட வேண்டியதில்லை. ஒரு பழைய கதவு, கிணற்றடி, பள்ளிவாசலின் ஹவுள், தேநீர்க்கடை வாங்கு ஆகியவற்றை வரைந்தாலும் ஓர் ஊரின் வாழ்வைச் சொல்லிவிடலாம்.

யுத்தத்தாலும் சுனாமியாலும் வீடிழந்த கிழக்கு மக்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். உறுதிப்பத்திரம் காணியின் எல்லையைச் சொல்லும். அங்கு எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சொல்லாது. எனவே, வரையத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாமல், உம்மம்மாவின் குசினியை வரையச் சொல்லுங்கள். அது இன்னும் இருக்கும்போதே.