சொல் உதிர்ந்த பாட்டு

பாட்டு ஒலிக்கிறது, பாடுவாரைக் காணோம். பதுளை மாவட்டத்து எல்ல நகரிலே, வெளிநாட்டுப் பயணிகள் கூடும் உணவுச்சாலைகளுள் நுழைவோர்க்கு இவ்வநுபவம் வாய்ப்பதுண்டு. பீட்டில்ஸ் குழுவினர் ஒரு காலத்தில் உரத்த கிட்டார்களுடன் முழங்கிய பாட்டு, இன்று பியானோவின் மெல்லொலியாகித் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே தவழ்ந்து வரும். இவ்வகை இசையை மேனாட்டார் ‘ஈஸி லிசனிங்’ என்பர். காதைச் சிறிதும் வருத்தாத இசை என்பது கருத்து.

இதனை ஆக்கும் முறை எளிது. பாட்டின் வேகத்தைக் குறைப்பர். டிரம்மைக் கோலால் அடியாது, மெல்லிய கம்பிக் கற்றையால் வருடுவர். மின்கிட்டார் இருந்த இடத்தில் வயலின்களையோ பியானோவையோ அமர்த்துவர். குரலை நீக்குவர், அன்றேல் காதோடு பேசுவதுபோலத் தாழ்த்துவர். 2004இல் நூவெல் வாக் என்னும் பிரெஞ்சுக் குழுவினர், ஆவேசம் மிகுந்த ‘பங்க்’ பாடல்களைப் பிரேசில் நாட்டுப் பொசா நோவா நடையில் தாலாட்டுப்போல இசைத்துப் புகழ் பெற்றனர்.

ஆயினும் இக்கலை புதியதன்று. 1934இல் அமெரிக்காவில் தோன்றிய மியூசாக் நிறுவனம் பின்னணி இசையையே வியாபாரப் பொருளாக்கியது. 1940 முதல் பி.பி.சி. வானொலி, தொழிற்சாலைகளில் உழைப்போர் சோர்வடையாதிருக்க நாள்தோறும் இசை பரப்பியது. 1967இல் யூரோவிஷன் போட்டியிலே சொற்களோடு பாடப்பெற்று நான்காம் இடமே பெற்ற பாட்டொன்றை, போல் மோரியாவின் வாத்திய கோஷ்டி ‘லவ் இஸ் புளூ’ எனச் சொல்லின்றி இசைத்தது. 1968இல் அது அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது!

நமக்கும் இது அந்நியமன்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ நாதசுவரக்காரர் சினிமாப் பாட்டொன்றைத் தொடங்குகிறார். குழலிலே சொல் இல்லை. சூழ நிற்போரின் உதடுகளில் சொல் அசைகிறது. இரகசியம் இதுதான்: சொல் உதிர்ந்த பாட்டு, கேட்போரின் நினைவிலுள்ள சொல்லைக் கொண்டே உயிர் வாழ்கிறது. மூலப் பாட்டை அறியாதவர்க்கு அது இனிய ஓசை மட்டுமே.

பழகிய மெட்டை வேறொரு விதமாகவும் நம் மலையகத்தில் பயன்படுத்தியோர் உண்டு. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளரின் துயரங்களைப் பாடல்களாக இயற்றி 1940இல் நூலாக வெளியிட்டார். மக்கள் நாவில் ஏற்கெனவே வழங்கிய மெட்டுக்களையே அவர் எடுத்துக்கொண்டார், கூட்டங்களிலும் பாடினார். உணவுச்சாலை இசை, கேட்போர் அமைதியாக அமர்ந்திருக்கும் பொருட்டுப் பழகிய மெட்டிலிருந்து சொல்லை எடுத்துவிடுகிறது. அம்மையாரோ, கேட்போர் விழித்தெழும் பொருட்டுப் பழகிய மெட்டிலே புதிய சொல்லை வைத்தார்.

இனி நம் கவலைக்கு வருவோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய இடங்களின் தோட்ட லயங்களிலும் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் வழங்கி வந்துள்ளன. மலையகத்தாரின் இத்தகைய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். கடல் கடந்து வந்த கதையும், கொழுந்து மலையின் குளிரும், கங்காணியின் அதட்டலும் அவற்றில் உள்ளன. நாளை இவற்றின் மெட்டும் புல்லாங்குழலேறி விருந்தினர் விடுதிகளை அடையலாம். அதனை நாம் வெறுக்கவில்லை. மெட்டு ஊர்விட்டு ஊர் செல்வது இயல்பே. ஆனால், அப்பொழுது சொல்லைத் தம் நினைவிலிருந்து நிரப்புவார் யார்? பீட்டில்ஸ் பாட்டின் சொற்கள் இசைத்தட்டுக்களில் பத்திரமாக உள்ளன. ஏட்டில் ஏறாத லயத்துப் பாட்டுக்கோ, பாடும் மூதாட்டியின் நெஞ்சன்றி வேறு பேழை இல்லை.

ஆதலின், மாணவ மாணவியர்க்கு ஒன்று கூறுவோம். அடுத்த விடுமுறையில் அப்பாயியின் அருகிலோ அம்மாயியின் அருகிலோ அமர்ந்து ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் அதனைப் பதிவு செய்து, பின்னர்க் கொப்பியில் எழுதுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், அப்பாட்டு எந்தச் சமயத்தில் பாடப்பெறுவது என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் விளங்காத சொல் வந்தால், நாளை என்று தள்ளாது அப்பொழுதே கேட்டு அறியுங்கள்.