சர்வர் மாறியது, உங்கள் கோப்பு வந்து சேர்ந்ததா?

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிவைத்த பாடல்கள் அனைத்தும் காணாமல் போய்விட்டன என்று 2019 மார்ச்சில் உலகம் அறிந்தது. சுமார் 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள். சர்வர் மாற்றும் பணியின்போது இழப்பு நேர்ந்ததாக நிறுவனம் சொன்னது. ஆய்வுக்காக முன்பே யாரோ தரவிறக்கி வைத்திருந்த பிரதியிலிருந்து இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பால் மீட்க முடிந்தது சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் பாடல்களை மட்டுமே. மற்றவை போனது போனதுதான். ஹேக்கரும் இல்லை, தீ விபத்தும் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை மாற்றினார்கள், அவ்வளவே.

வங்கி, மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம் என எங்கும் நம் தரவுகள் டிஸ்க் அரே எனப்படும் வட்டுத் தொகுப்புகளில்தான் இருக்கின்றன. பத்தோ நூறோ ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய சேமிப்பகம்போல் இயக்கும் ஏற்பாடு அது. சில ஆண்டுகள் ஓடியதும் உத்தரவாதக் காலம் முடியும், உதிரிபாகம் கிடைக்காது, இடமும் போதாது. புதிய தொகுப்பு வாங்கித் தரவை அதற்கு மாற்றியே ஆக வேண்டும். இரண்டு வங்கிகள் இணைந்தாலும் இதே வேலை வரும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்த பிறகு வாடிக்கையாளர்களின் கணக்குகளும் அப்படித்தான் இடம் மாறின.

ஆபத்து எங்கே இருக்கிறது? முதலாவது, பழைய வட்டுகளிலேயே. வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி வட்டுகளை இணைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். ரெய்டு-5 முறையில் கட்டிய தொகுப்பு ஒரு வட்டு செத்தால் தாங்கும், ரெய்டு-6 இரண்டைத் தாங்கும். அந்தத் தெம்பில், ‘எங்களிடம் ரெய்டு இருக்கிறது’ என்று சொல்லி பேக்அப் எடுக்காமல் விடும் நிறுவனங்கள் உண்டு. இதைவிட ஆபத்தான நம்பிக்கை இந்தத் துறையில் வேறில்லை. ரெய்டு, வட்டு பழுதாவதற்கு மட்டுமே காப்பு. தவறுதலாக அழித்த கோப்பை எல்லா வட்டுகளிலும் அது ஒரே நொடியில் அழித்துவிடும். போதாததற்கு, ஒன்றாக வாங்கிய வட்டுகள் ஒன்றாகவே மூப்படைகின்றன. பல ஆண்டுகளாக யாரும் தொடாத மூலைமுடுக்குகளையெல்லாம் முழுவதுமாகப் படிக்கவைப்பது இந்த மாற்றம்தான். அதுவரை ஒளிந்திருந்த பழுதுகள் அப்போது வெளிப்படும்.

இரண்டாவது ஆபத்து, மனிதக் கை. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 2021-இல், மேகச் சேமிப்பகத்திலிருந்து நகராட்சியின் சொந்த சர்வருக்குக் காவல்துறையின் கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் வகுக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றவில்லை. படங்கள், காணொளிகள், ஒலிப்பதிவுகள், வழக்குக் குறிப்புகள் என 20 டெராபைட்டுக்கும் மேல் அழிந்தன. வசந்த காலத்தில் நடந்த இழப்பு மாவட்ட அரசு வழக்கறிஞருக்குத் தெரியவந்தது ஆகஸ்டில். என்னைக் கேட்டால், அழிந்ததைவிட அந்த மாதக்கணக்கான மௌனமே பெரிய குற்றம். சாட்சியத்தை நம்பி நீதிமன்றப் படியேறியவர்களுக்கு, சாட்சியம் இல்லை என்பதையாவது உடனே சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்றாவது ஆபத்து தமிழில் எழுதும் நம்மைத் தனியாகத் தாக்குவது. யூனிகோடை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். ‘கோ’ என்ற ஓரெழுத்து இரண்டு குறிகளால் ஆனது என்பதால் அதற்கே 6 பைட். விண்டோஸ் சேமிப்பகத்தில் கோப்புப் பெயர் 255 குறிகள் வரை நீளலாம். லினக்ஸ் சர்வர்களின் வழக்கமான கோப்பு முறையில் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். அரசாணையின் முழுத் தலைப்பையே பெயராக வைத்துச் சேமிக்கும் அலுவலகங்களில், நீளமான பெயருள்ள கோப்புகள் புதிய இடத்துக்கு ஏறவே ஏறாது. நகலெடுக்கும் மென்பொருள் அதைப் பிழைப்பட்டியலில் ஒரு வரியாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் பட்டியலை யாரும் படிக்காவிட்டால், பழைய வட்டை அழிக்கும் நாளில் கோப்பும் சேர்ந்து அழியும். தமிழ் அறியாத தரவுத்தள அமைப்புக்குள் பெயர்களைத் திணித்தால் அவை வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரைத் திரும்ப எடுக்க எந்த நிபுணராலும் முடியாது.

பதிவேடு மாறும்போது விழும் ஒரு பிழை எவ்வளவு காலம் நிற்கும் என்பது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தெரியும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பெயரும் பரப்பும் தவறாக ஏறிய பட்டாக்களைத் திருத்தக் கேட்டு இன்றும் வருவாய்த் துறை அலுவலகங்களுக்கு மனுக்கள் வருகின்றன. யு.டி.ஆர். பிழை என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் புரியும். அங்கே எழுதியது கை, இங்கே எழுதுவது கணினி. சரிபார்க்காமல் பழையதை மூடிவைத்தால் இரண்டிலும் அலைச்சல் ஒன்றுதான்.

சரிபார்ப்பு என்றால் என்ன? ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற கணித முத்திரையை இரு புறமும் கணக்கிட்டு ஒப்பிடுவது, பேக்அப்பிலிருந்து உண்மையிலேயே மீட்டுப் பார்ப்பது, பழைய தொகுப்பைச் சில வாரங்களாவது தொடாமல் வைத்திருப்பது. சோதனையில் குறைவைத்தால் என்ன ஆகும்? பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைத்திறன் சோதனை நடந்திருந்தது பின்னர் தெரியவந்தது. சுமார் 19 லட்சம் பேர் தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். வங்கி வாடிக்கையாளர்களுக்கு 3 கோடியே 27 லட்சம் பவுண்டு ஈடு கொடுத்தது. அதற்கு மேல், 2022-இல் ஒழுங்காற்று அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தன.

தரவு பத்திரமாக மாறிவிட்டாலும் பழைய வட்டு இருக்கிறது. அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் பெயர்ப்பு நிறுவனத்திடம் பழைய வட்டுகளையும் சர்வர்களையும் ஒப்படைத்தது. அவற்றில் பல, வாடிக்கையாளர் விவரங்கள் அழிக்கப்படாமலேயே இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. 2022-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவு கசிவதை மட்டும் மீறலாகக் கருதவில்லை. தற்செயலாக அழிவது, மாறிப்போவது, அணுக முடியாமல் போவது ஆகியவையும் அதன் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே ‘யாரும் திருடவில்லையே’ என்பது பதிலாகாது. பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பிழையைத் திருத்தவும் விடுபட்டதைச் சேர்க்கவும் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன. அபராதத் தொகையும் அரசுக் கருவூலத்துக்கே போகும், உங்கள் கைக்கு வராது.

இழப்பீடு வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தரவைத் தொலைத்தது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். இலவசச் சேவைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதை மறக்கக்கூடாது. காசு வாங்காத செயலியில் மட்டும் குழந்தையின் படங்களை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு பிரதியைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

வங்கியோடு தகராறு என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ‘சாஃப்ட்வேர் மாத்திட்டோம், பழைய ரிப்போர்ட் இல்லை’ என்று மருத்துவமனை சொன்னால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் மருத்துவர்களைக் கட்டாயப்படுத்துகின்றன. அரசு அலுவலகம் என்றால், உங்கள் பதிவு எந்த நாளில் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டது, மாற்றத்துக்குப் பின் சரிபார்ப்பு நடந்ததா, பிழைப்பட்டியல் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

‘பராமரிப்புப் பணி காரணமாக இந்த வார இறுதியில் சேவை இருக்காது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அன்றே கணக்கு அறிக்கையை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். இருப்பு, நியமனதாரர் பெயர், கைப்பேசி எண் தெரியும் பக்கங்களைத் தேதியோடு படம் பிடியுங்கள். சேவை திரும்பியதும் இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் மின்னஞ்சலில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்டக் கையில் எதுவும் இருக்காது.